வலிக்காத புண்

அந்தியூர்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள கண்ணு,

நேற்றுப் போனில் பேசும்போது, நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்து மூன்று வாரம் ஆகிறது என்றும், வலியே இல்லை, சூட்டினால் வந்திருக்கும் என்றும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். வலி இல்லை என்ற அந்தச் சொல்தான் என்னை விடிய விடியத் தூங்கவிடவில்லை.

சூட்டுப் புண்ணை நீ அறிவாய். நடுவில் வெளுத்து, சுற்றிலும் சிவந்து, ஓர் உப்புக்கல் பட்டாலே கண்ணில் நீர் வரவைக்கும். பரீட்சைக் காலத்தில் உனக்கு வரும்போதெல்லாம் சுக்குட்டிக் கீரையை (மணத்தக்காளிதான்) பருப்போடு கடைந்து கொடுப்பேன். பத்து நாளில் ஆறிவிடும். அடிக்கடி வந்தால் இரும்புச் சத்தோ பி12 வைட்டமினோ குறைந்திருக்கலாம், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இரண்டு வாரம் கடந்தும் ஆறாமல் ஒரே இடத்தில் நிற்கிற புண் பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

உன் அப்புச்சிக்கு, என் அப்பாவுக்கு, வந்த வாய்ப் புற்றுநோயும் வலிக்காத புண்ணாகத்தான் தொடங்கியது. நாற்பது வருடமாக வெற்றிலையோடு புகையிலையை அதக்கி வைத்த இடது கன்னத்தின் உட்புறத்தில், முதலில் சுண்ணாம்பு பட்டுக் காய்ந்தது போல ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. வாய் கொப்பளித்தாலும் விரலால் தேய்த்தாலும் போகவில்லை. அவர் அதைச் சுண்ணாம்பு பொத்ததுதான் என்றார், நானும் நம்பினேன். பிறகு அரிசியும் பருப்பும் சாதத்தை விரலால் நன்றாக மசித்து வலப்பக்கமாகவே மெல்லத் தொடங்கினார், இட்லியைக்கூடச் சிறுசிறு துண்டாகப் பிட்டார். எதிரில் உட்கார்ந்து பரிமாறியவள் நான், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நான்கு மாதம் கீரையும் தேங்காய்ப்பாலும் கொடுத்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் கோயமுத்தூருக்கு அழைத்துப் போனோம். சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்று சொந்தபந்தம் எல்லாம் தடுத்தது; அந்தப் பேச்சில் மேலும் ஒரு மாதம் போயிற்று. பரிசோதனைக்குத் துணுக்கு எடுப்பதால் புற்றுநோய் பரவுவதில்லை, தள்ளிப் போட்டால்தான் அது வளர்கிறது. தாடையில் பாதியை எடுத்த பிறகு அவர் இரண்டு வருடம்தான் இருந்தார்.

பொங்கலுக்கு வந்தபோது உன் சட்டைப் பையில் இருந்த பாக்குப் பொட்டலங்களைத் துவைக்கும்போது பார்த்தேன். புகையிலை கலக்காத வெறும் பாக்குதான், இரவு ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்க என்றாய். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது, கண்ணு. பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறத் தோல் நாராக இறுகி, காரம் பட்டால் எரிந்து, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரலாம். உன் மூன்று விரல்களை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பார். நுழையவில்லை என்றால், புண் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நாளைக் காலையில் கண்ணாடி முன் நின்று, சுத்தமான துணியால் நாக்கைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்து, டார்ச் வெளிச்சத்தில் ஓரங்களைப் பார். நாக்கின் அடிப்புறத்தையும் கன்னங்களின் உள்ளேயும் விட்டுவிடாதே. வெள்ளைத் திட்டைவிடச் சிவந்த திட்டு இன்னும் மோசமானது. புண்ணின் விளிம்பு தடித்துக் கெட்டியாக இருக்கிறதா, தொட்டால் ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, உதடோ நாக்கோ மரத்திருக்கிறதா, விழுங்கும்போது காதுவரை வலி பாய்கிறதா, தாடைக்குக் கீழே கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார். எதுவும் இல்லை என்றாலும் மூன்று வாரக் கணக்கு ஒன்றே போதும், போய்க் காட்டு.

உடைந்த உன் கீழ்க் கடைவாய்ப்பல் உரசியே இந்தப் புண் வந்திருக்கலாம், அதுதான் என் வேண்டுதலும். அப்படியானால் பல் மருத்துவர் கூர்மையைத் தேய்த்துவிட்டு இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பார்; அதற்குப் பிறகும் ஆறவில்லை என்றால் துணுக்கு எடுக்கச் சொல்வார், மறுக்காதே. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பலருக்குச் சிறிய அறுவை சிகிச்சையோடு முழுவதும் குணமாகிவிடுகிறது. அப்புச்சிக்கு அந்த வாய்ப்பை நான்தான் கெடுத்தேன்.

புதன்கிழமைக்குள் பெங்களூரிலேயே காட்டிவிடு. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் செவ்வாய் இரவே பஸ் ஏறிவிடு, அப்பா விடியற்காலையில் பவானியில் வந்து நிற்பார். மருத்துவர் என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா