ரத்தக்கட்டி இருக்கிறது என்பதோடு நிறுத்தாதே

அன்புள்ள கண்ணுவுக்கு,

பக்கவாத நோயாளிகளின் ஸ்கேன் படிக்கும் ஸ்ட்ரோக் டூட்டி தொடங்கப்போகிறது என்று எழுதியிருந்தாய். கான்ட்ராஸ்ட் (சாய மருந்து) செலுத்தாத பிளெயின் சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்தவுடன் பலர் மூடிவிடுவார்கள். நீ மூடாதே. பல நேரம் அதே படத்திலேயே ரத்தக்கட்டியும் இருக்கும்.

5 மி.மீ. தடிமனுள்ள ஸ்லைஸில் (படத்துண்டில்) அதைத் தேடினால் பல நேரம் கிடைக்காது. நடுமூளைத் தமனியின் அகலமே சுமார் 3 மி.மீ. தான். தடித்த ஸ்லைஸில் அது பக்கத்துத் திசுவோடு கலந்து மங்கிவிடும். டெக்னீஷியனிடம் 1 மி.மீ. ரீகான் (மெல்லிய துண்டுகளாக மறுபடி உருவாக்கிய படம்) கேட்டு வாங்கு. திரையில் காட்டும் அடர்த்தி வரம்பான விண்டோவைக் குறுக்கி, அகலம் 40, மையம் 40 என்று வைத்துப் பார். ஒரு பக்கத் தமனி மட்டும் 43 எச்.யு.வை (சி.டி.யில் அடர்த்தியின் அலகு) தாண்டி, மறுபக்கத்தைவிட 1.2 மடங்குக்கு மேல் இருந்தால் சந்தேகப்படு. இரண்டு பக்கமும் ஒரேபோல வெளுத்திருந்தால் ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அதிகமாக இருக்கலாம். நூற்றுக்கு மேலே எகிறினால் சுண்ணாம்பு: தமனிச் சுவரிலா, உள்ளேயா என்று பார். உள்ளே இருக்கும் சுண்ணாம்புக் கட்டியை மருந்து கரைக்காது.

வெளுப்பு எதைச் சொல்கிறது தெரியுமா? சிவப்பணு நிறைந்த கட்டிதான் அடர்த்தியாகத் தெரியும். அது பொதுவாக மருந்துக்கும் இணங்கும், கட்டியை இழுத்தெடுக்கும் ஸ்டென்டுக்கும் வரும். ஃபைப்ரின் (ரத்தத்தை உறையவைக்கும் நார்ப்புரதம்) மிகுந்தது மங்கலாக, சில நேரம் தெரியாமலேயே இருக்கும். விறைப்பானது, சுவரைப் பிடித்துக்கொள்ளும், பலமுறை இழுக்கவேண்டி வரும். அதனால் பிளெயினில் தெரியவில்லை என்பதை வைத்துக் கட்டியே இல்லை என்று எழுதிவிடாதே.

நீளத்தை அளப்பதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. மருந்து ரத்தத்தோடுதான் போகவேண்டும். அடைபட்ட முட்டுச்சந்தில் ஓட்டம் இல்லாததால் கட்டியின் முகப்பை மட்டுமே அது தொடும். 8 மி.மீ.க்கு மேல் போனால் ஆல்டிப்ளேஸ் என்ற கரைப்பு மருந்து மட்டும் கரைப்பது அரிது என்று 2011இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் ஆஞ்சியோவின் (கான்ட்ராஸ்ட் செலுத்தித் தமனிகளைக் காட்டும் சி.டி.) முதல் கட்டத்தில் மட்டும் அளந்தால் நீளம் கூடித் தெரியும். கொலேட்டரல் (மாற்றுப் பாதை ரத்தக்குழாய்கள்) வழியாகக் கான்ட்ராஸ்ட் கட்டியின் மறுமுனைக்கு வந்து சேர நேரம் ஆகிறதல்லவா? பல கட்டமாக எடுக்கும் மல்டிஃபேஸில் 8 நொடி இடைவெளியில் வரும் அடுத்த கட்டங்களைப் பார்த்து மறுமுனையைக் குறி. கழுத்து ஐ.சி.ஏ.விலும் (மூளைக்குப் போகும் உள் கழுத்துத் தமனி) இதே ஏமாற்று உண்டு: மேலே கட்டி அடைத்தால் கீழே ரத்தம் தேங்கி, கழுத்திலேயே அடைப்பு என்பதுபோல் தோன்றும். தாமதக் கட்டத்தில் அது நிரம்பிவிடும்.

இன்னொன்று, கட்டிக்குள் கான்ட்ராஸ்ட் ஊடுருவுகிறதா என்பது. பிளெயினிலும் ஆஞ்சியோவிலும் ஒரே இடத்தில் சின்ன ஆர்.ஓ.ஐ. (அளவெடுக்கும் வட்டம்) வைத்து எச்.யு. ஏறுகிறதா பார். ஏறினால் கான்ட்ராஸ்ட் நுழைகிற வழியில் மருந்தும் நுழையும். நோயாளி தலையை அசைத்திருந்தால் இரண்டு படத்தையும் ஒன்றோடொன்று பொருத்தாமல் இதை நம்பாதே.

ஆஞ்சியோவுக்கு முழங்கைச் சிரையில் 18 கேஜ் ஊசி, கான்ட்ராஸ்ட் நொடிக்கு 4 முதல் 5 மி.லி., பின்னாலேயே சலைன். பெருந்தமனி வளைவிலிருந்து உச்சந்தலைவரை எடு. கதீட்டர் (மெல்லிய குழாய்) போகிற வழி, கட்டியை இழுத்தெடுக்கும் குழுவுக்குத் தெரிந்தாகவேண்டும். சிறுநீரகக் கோளாறு தெரிந்த நோயாளி இல்லையென்றால் கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) முடிவுக்காகக் காத்திருக்கவேண்டாம்.

இந்த அளவுகளை வைத்து யாருக்கும் மருந்தை மறுக்கக்கூடாது. இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பக்கவாதம் தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள், தகுதியும் இருந்தால், கட்டி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மருந்து போகட்டும்: ஆல்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90; அல்லது டெனெக்டிப்ளேஸ் கிலோவுக்கு 0.25 மி.கி., உச்சம் 25, ஒரே ஊசியாக. பெரிய தமனியில் நீளக் கட்டி என்றால் மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்துக் காத்திராமல், அதே நிமிடம் கதீட்டர் வழியாகக் கட்டியை எடுக்கும் கேத் லேபைக் கூப்பிடச் சொல்வதற்குத்தான் இந்த அளவு.

ரிப்போர்ட்டை அப்புறம் டைப் செய்யலாம். முதலில் போனில் சொல் (எம்1 என்பது நடுமூளைத் தமனியின் முதல் பகுதி): "இடது எம்1, தொடக்கத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி, நீளம் 14, 58 எச்.யு., ஊடுருவல் இல்லை, கொலேட்டரல் நன்றாக இருக்கிறது."

அன்புடன்,
அம்மா