அரைமணி நேரம் போதும்னு எப்படிங்க எழுதுனீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்ங்க. போன வார இணைப்புல கடலோரத் தோட்டங்களப் பத்தி வந்த கட்டுரைய எங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். பாண்டிச்சேரி தாவரவியல் பூங்காவுக்கு "அரைமணி நேரம் போதும், அப்புறம் பீச்சுக்குக் கிளம்பிடலாம்"னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அம்மா "போதும், நிறுத்து"ன்னுட்டாங்க.

நாங்க ஏற்காட்டுக்காரங்க. அம்மா முப்பது வருஷம் காப்பித் தோட்டத்துல பழம் எடுத்தவங்க. ரெண்டு வருஷம் முன்னாடி சேலத்துக்கு இறங்கி பஸ் மாறி அவங்கள அந்தப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனேன், காலையில உள்ள போனவங்க மத்தியானம் பசி எடுத்தப்புறம்தான் வெளிய வந்தோம், ஒவ்வொரு மரத்துக்கிட்டயும் நின்னு பட்டையத் தடவி, கீழ கெடந்த காயை எடுத்து மோந்து பாத்து "இது நம்ம மலை மேல வராது கண்ணு, பனி தாங்காது"ன்னு சொல்லிட்டே நடந்தாங்க. அவங்க சொன்னதுதாங்க அந்தத் தோட்டத்தோட கதையே. 1826-ல பிரெஞ்சுக்காரங்க ஆரம்பிச்சது, எந்தச் செடி இந்த மண்ணுல பொழைக்கும்னு நட்டு நட்டுப் பாத்த எடம். அதக் கவனிச்சுக்கிட்ட பெரோத்தே நீலகிரி வரைக்கும் ஏறிச் செடி சேகரிச்ச மனுஷன். எங்க மலைக்குக் காப்பி வந்ததும் கிட்டத்தட்ட அதே காலம்தான், சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டு வந்தது. உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்? தெரிஞ்சும் அரைமணி நேரம்னு போட்டா எப்படிங்க?

அடையாறு ஆலமரத்துக்கும் ரெண்டே வரி. 1989-ல அடிமரம் காத்துல சாஞ்சும் விழுதுகளே மரமா நிக்குதேங்க, அதச் சொல்ல வேண்டாமா?

மனசுல இருக்கறத சொல்லிடறேன். வருஷா வருஷம் எங்க ஊர் மலர் கண்காட்சிக்கு மந்திரி ரிப்பன் வெட்டுற போட்டோதான் போடறீங்க, பூ எங்க? 1963-ல இருந்து இங்க ஆர்க்கிட் தோட்டம் இருக்கு, மேகாலயாவுல வளர்ற, பூச்சி புடிக்கிற குடுவைச் செடி கூட வெச்சிருக்காங்க, அதப் பத்தி எழுதுங்கன்னு மூணு கடுதாசி போட்டேன். ஒண்ணுக்கும் பதில் இல்ல. இருபது வருஷமா உங்க பேப்பர்தான் வாங்குறோம்ங்க.

இன்னொண்ணு. முன்ன ஒரு தடவ நீங்க எழுதினத நம்பி சென்னையில ஒரு பழைய தோட்டத்துக்கு ஞாயித்துக்கிழமை போனோம். கேட்டு பூட்டி இருந்துச்சு, அன்னிக்கு லீவாம். முட்டி வலியோட அம்மா பிளாட்பாரத்துல உக்காந்து கம்பி வழியா மரத்தையே பாத்துட்டு இருந்தாங்க, எனக்கு இன்னும் ஆறல.

அதனால இனிமே தோட்டத்தப் பத்தி எழுதினா, எத்தன மணிக்குத் தொறப்பாங்க, என்னிக்கு லீவு, வயசானவங்க உக்கார எடம் இருக்கான்னு கடைசியில ஒரு சின்னக் கட்டம் போட்டு எழுதுங்க. எவ்வளவு நேரம் பாக்கணும்ங்கறத போறவங்க முடிவு பண்ணிக்கட்டும்ங்க.

இப்படிக்கு,
வாசகி, ஏற்காடு