புனேயில் இருக்கிற தம்பிக்கு

தம்பி,

பகலில் கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய், ராத்திரி கூப்பிட்டால் பாப்பா தூங்குகிறாள் என்கிறாய், அதனால் எழுதியே அனுப்புகிறேன். அவசரமாகப் படிக்காதே.

பாப்பாவுக்கு 10 வாரத் தடுப்பூசி புதன்கிழமைதானே? லீவு போட்டுவிட்டு நீயே கூடப் போ. பென்டாவேலன்ட் என்கிற அந்த ஊசி போட்ட அன்று ராத்திரி லேசாகக் காய்ச்சல் அடிக்கும், தொடை வீங்கும், சிணுங்குவாள், பயப்படாதே. ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிடாதே. பாராசிட்டமால் சொட்டு மருந்து எவ்வளவு என்று எடை பார்த்து அங்கேயே எழுதி வாங்கிக்கொள். மற்ற நாளில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று உட்காராதே, மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளை.

மேலத்தெரு அத்தை உனக்குப் போன் பண்ணியிருப்பாரே. தொக்கு எடு, மூக்கில் எண்ணெய் விடு, வசம்பு உரசிக் கொடு, தேன் தொட்டு வை. எல்லாவற்றுக்கும் "சரி அத்தை" என்று சொல்லிவிட்டு ஒன்றையும் செய்யாதே. தேன் ஒரு வயது முடிகிறவரை கூடவே கூடாது. தண்ணீர்கூட 6 மாதத்துக்கு வேண்டாம். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒன்னுக்குப் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம், இதை உன் பெண்டாட்டியிடம் அடிக்கடி சொல்லு. பால் பத்தவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டே இருக்கக் கூடாது.

குடித்து முடித்ததும் ஏப்பம் எடுக்கிறது உன் வேலை. தோளில் துணியைப் போட்டு, பாப்பாவின் தாடை தோள்மேல் பதிகிற மாதிரி சாய்த்து, ஒரு கையால் பின்னங்கழுத்தைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையைக் கிண்ணம்போலக் குவித்து முதுகில் கீழிருந்து மேலாகத் தட்டு. கொஞ்ச நேரத்தில் வராவிட்டால் விட்டுவிடு. மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், தலையணை வேண்டாம். திரிந்த பால் கொஞ்சம் கக்கினால் பரவாயில்லை, பச்சையாக வாந்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ டயபர் மாற்றினதைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமை. உங்கப்பா உன் ஈரத் துணியை ரெண்டு விரலால் தூக்கி வந்து என் மடியில் போட்ட ஆள்! ஆனால் "நானும் ஹெல்ப் பண்றேன்மா" என்றாயே, யாருக்கு ஹெல்ப்? உன் பிள்ளைதானே?

அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாப்பா அழுதது, நீ எழுந்தாய், அவள் திரும்பவே இல்லை. சாப்பிட்டாயா என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். வளைகாப்பு அன்று மண்டபத்தையே கலகலக்க வைத்தவள். பாப்பா தூங்கும்போதாவது அவள் தூங்குகிறாளா? பாலைப் பிழிந்து பிரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம் தாராளமாகத் தாங்கும், வெந்நீரில் கிண்ணத்தை வைத்துச் சூடாக்கி ராத்திரி ஒரு வேளை நீ கொடு, அடுப்பில் ஏற்றாதே. அவள் நாலைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கட்டும். தூங்கட்டும் தம்பி.

நர்ஸ் வேலையில் பையைத் தூக்கிக்கொண்டு எத்தனை வீடு ஏறி இறங்கியிருப்பேன், எனக்குத் தெரியாதா? பிரசவமான முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வரும், ரெண்டு வாரத்தில் போய்விடும். ரெண்டு மாதம் தாண்டியும் பேச்சு இல்லை, தூக்கம் இல்லை என்றால் அது திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, தைராய்டும் பார்க்கச் சொல். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடுகிற மாத்திரை இருக்கிறது, அவர்கள் பார்த்துக் கொடுப்பார்கள். 14416 என்று டெலி மானஸ் நம்பர், அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று விளையாட்டாகச் சொன்னாலும் அவளைத் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

நீ ஏன் இப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதே. பக்கத்தில் போய் உட்கார்.

நான் கிளம்பி வரத் தயார்தான், ஆனால் மாமியார் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று அவளுக்கு இன்னொரு பாரம் ஆகக் கூடாது. அவளையே கேள். அவங்கம்மா வந்தால் தேவலை என்றாலும் எனக்கு வருத்தமில்லை, டிக்கெட் நான் எடுத்துத் தருகிறேன். யார் வரட்டும் என்று நாளைக்குள் சொல்லு, தட்கல் காலையில் திறந்ததும் போட வேண்டும்.

அம்மா