கைத்துப்பாக்கி விற்க ஒரு ஒப்புகைச் சீட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

என்னிடம் உரிமத்தோடு ஒரு .32 ரிவால்வர் இருக்கிறது, கான்பூர் தயாரிப்பு. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பதும், முடிந்ததும் வாங்கிவந்து எண்ணெய் போட்டுத் துடைப்பதும்தான் அதனால் கண்ட பலன். உரிமம் வைத்திருக்கும் ஒருவர் விலைக்குக் கேட்டார், சரி என்றேன்.

1959 ஆயுதச் சட்டப்படி, வாங்குபவரின் பெயர், முகவரியை மாவட்ட ஆட்சியருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். நல்ல விதிதான், துப்பாக்கி என்ன பழைய சைக்கிளா? ஆனால், கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரை வைத்துத் தர மறுக்கிறார்கள். "வச்சிட்டுப் போங்க சார்" என்கிறார் எழுத்தர். தேதியே இல்லாமல் அந்த 45 நாளை எங்கிருந்து எண்ணுவது? தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு கட்டாயம் என்று மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.

- தென்னை விவசாயி, பொள்ளாச்சி