தரையில் ஐந்து குட்டி டப்பாக்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு இந்த முறை சோம்பல் காரணமில்லை. கிடாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் ஐந்து குட்டி பெடல்களைத் தரையில் பரப்பிக்கொண்டு அவற்றின் முன்னால் குந்தியே பொழுது போய்விட்டது. வீட்டில் இருப்பவர்கள் நான் பொம்மை கார் வைத்து விளையாடுவதாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. ஐந்து தந்தி பேஸ் கிடார் வாங்கிவிட்டாய் என்று படித்தபோதுதான் நாற்காலியை விட்டே எழுந்தேன். பதினைந்து வருடம் தொடாமல் இருந்தவன் திரும்ப வரும்போது ஒரு தந்தி கூடுதலாக எடுத்துக்கொண்டு வருகிறாய்! விரல் நுனி கொப்பளித்ததா, இல்லையா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாததால் கொப்பளித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயம். மலிவாகக் கிடைக்கும் இந்தக் குட்டி பெடல்களை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். "பெடல் எல்லாம் கை வராதவனுக்கு" என்று மேடைக்கு மேடை என்னைக் கிண்டல் செய்தவன் நீ. இப்போது நீயே கேட்கிறாய், இருக்கட்டும், பெருந்தன்மையாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இவற்றின் உள்ளே இருப்பதில் பெரும்பாலானது புதுச் சரக்கு இல்லை. பாஸ் நிறுவனம் தன் முதல் காம்பாக்ட் பெடல்களை 1977இல் கொண்டுவந்தது, ஆரஞ்சு நிற டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் பெடல் அடுத்த ஆண்டு வந்தது. ஐபனேஸின் பச்சை டியூப் ஸ்க்ரீமரும் ஏறக்குறைய அந்தக் காலத்துப் பிள்ளைதான். இன்று விற்கும் மலிவு ஓவர்டிரைவ் (சுருக்கமாக டிரைவ்), டிஸ்டார்ஷன் பெடல்களில், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்களில், பாதிக்கு மேல் இப்படிப்பட்ட நாலைந்து பழைய மின்சுற்றுகளின் பேரன் பேத்திகள். ஒலியைப் பெருக்கும் ஒரு ஆப்-ஆம்ப் சிப், ஒலியின் உச்சியை வெட்டும் இரண்டு டயோடு, சில மின்தேக்கி, திருகுவதற்கு மூன்று நாப். இதில் விலையைக் குறைக்க வேண்டுமென்றால் கை வைப்பது பெட்டியிலும் ஸ்விட்சிலும் ஜாக்கிலும்தான். அதனால் ஒலியில் பயப்பட அதிகம் இல்லை. பயம் வேறு இடத்தில் இருக்கிறது, அங்கே வருகிறேன்.

சோதித்துப் பார்த்த விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. நம் வழக்கம் என்ன? பெடலை மிதிப்போம், சத்தம் கூடும், "ஆஹா" என்போம். சத்தம் கூடினால் எதுவும் நன்றாகத்தான் கேட்கும், காது அப்படி ஏமாறும். அதனால் ஒவ்வொரு பெடலிலும் முதல் வேலையாக லெவல் நாபைத் திருப்பி, மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே அளவு சத்தம் வரும்படி வைத்தேன். அப்படி வைத்த உடனே ஒரு பெடலின் மாயம் மொத்தமும் கரைந்துபோனது. அது செய்துகொண்டிருந்தது வெறும் சத்தத்தைக் கூட்டும் வேலைதான்.

இரண்டாவது தந்திரம் லூப்பர், வாசித்ததைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெடல். ஐந்தில் ஒன்று லூப்பர்தான், ஐந்து நிமிடம் வரை பிடித்துவைக்கும். வழக்கமாக அதைக் கடைசியில் வைப்போம் இல்லையா, நான் முதலில் வைத்தேன். கிடாரில் நேராக எட்டு ஆவர்த்தனம் வாசித்துப் பிடித்துவிட்டு, கிடாரைக் கீழே வைத்துவிட்டேன். லூப்பர் அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறது, நான் இரண்டு கையாலும் நாபைத் திருகிக்கொண்டு கேட்கிறேன். வாசிப்பு மாறுவதே இல்லை என்பதால் மாறுவது பெடல் மட்டும்தான். ஒரு குறை உண்டு: ஃபஸ் (ஒலியை முரட்டுத்தனமாகச் சிதைப்பது) மாதிரியான பெடல்கள், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் கிடாரின் பிக்கப்போடு நேரடியாக உறவாடுபவை. நடுவில் லூப்பர் நின்றால் அந்த உறவு அறுந்துவிடும், கிடார் வால்யூமைக் குறைத்தால் ஒலி தெளிவாவதையும் இந்த முறையில் பார்க்க முடியாது. அதற்குக் கிடாரைக் கையில் எடுத்தே ஆக வேண்டும்.

இப்போது உன் கவலைக்கு வருகிறேன். பேஸ்.

பச்சை டப்பா ஒன்று, டியூப் ஸ்க்ரீமர் வம்சம். கிடாரில் போட்டால் அவ்வளவு நன்றாக இருக்கிறது. பேஸை இரவல் வாங்கி அதில் செருகினேன், அடி வயிறு, அதாவது கீழ் ஒலி, காணாமல் போய்விட்டது. டிரம் வாசிப்பவர் இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார். காரணம் தேடினால், அந்தச் சுற்றே அப்படிக் கட்டப்பட்டது. ஏறக்குறைய 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக அது தரும் பெருக்கம் குறைந்துகொண்டே வரும், நடுப்பகுதி மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். கிடாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ், அதற்கே இது உதவி, ஏனென்றால் கீழ் ஒலிகள் உறுமிக் குழம்பாமல் இருக்கும். பேஸின் ஈ தந்தி 41, உன் புதுத் தந்தி 31. உன் வீடே அந்தக் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது, அங்கே விளக்கை அணைத்தால் எப்படி?

இதற்கு மருந்து பிளெண்ட் நாப். சுத்தமான ஒலியையும் கடித்த ஒலியையும் கலந்து தரும். நான் பார்த்த இன்னொரு பெடல், பேஸுக்கென்றே செய்தது, அதில் இந்த நாப் இருந்தது. பாதிக்குக் கொஞ்சம் கீழே வைத்தேன். கீழே பழைய கனம் அப்படியே நிற்கிறது, மேலே மட்டும் ரம்பத்தின் பல் மாதிரி ஒரு கரகரப்பு. தனியாகக் கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதுபோல் விநோதமாக இருக்கும். டிரம்மும் கிடாரும் சேர்ந்தவுடன் ஒரே ஆளாகிவிடுகிறது. ஆகவே கடையில் டிரைவ் எதைப் பார்த்தாலும் முதலில் பிளெண்ட் இருக்கிறதா என்று பார். இல்லை என்றால் உன் கையிலேயே ஈ தந்தியை அடித்து, மிதித்துப் பார், வயிற்றில் தெரிந்துவிடும்.

மற்றவை சுருக்கமாக. கோரஸ், பலர் சேர்ந்து வாசிப்பதுபோல் காட்டுவது, நன்றாகவே இருக்கிறது, ஆனால் நீ பேஸில் கோரஸ் போட்டால் நான் உன்னோடு பேச மாட்டேன். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரஸரில் எனக்குப் பெரிய ஆர்வம் வரவில்லை, உன் விரலுக்கு அது பிடிக்கலாம். மூன்று நாப் மட்டும் உள்ள கொடூர டிஸ்டார்ஷன் ஒன்று, பெயரிலேயே மண்டை ஓடு. தனியாக அறையில் வாசித்தபோது ராட்சசன். நடுப்பகுதியை முழுக்கச் சுரண்டி எடுத்திருப்பதால் மற்ற வாத்தியங்களோடு சேர்ந்தவுடன் எங்கே போனான் என்றே தெரியவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். (ஐந்து என்று சொன்னது இதையும் கோரஸையும் கம்ப்ரஸரையும் கழித்துத்தான்.)

எதிரொலி தரும் டிலே எனக்கு மிகவும் பிடித்தது. "அனலாக்" என்று மேலே எழுதியிருக்கிறது. பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தால் பிடி2399 சிப், அது உண்மையில் டிஜிட்டல். ஆனால் கேட்க மங்கலாக, பழைய டேப் போல இருக்கும், அதனால் பொய்யையும் மன்னித்துவிட்டேன். 340 மில்லிசெகண்ட் வரை ஓரளவு சுத்தமாக இருக்கும், அதற்கு மேல் திருகினால் ஒலி மண்ணில் புரண்டு வருகிறது. எனக்கு அந்த மண்தான் வேண்டும்.

இனி பயத்துக்கு வருகிறேன், அதாவது கரண்டு. இந்தக் குட்டிகளுக்குள் பேட்டரி போட முடியாது. பெட்டியின் அகலமே நாலு சென்டிமீட்டர், நீளம் ஒன்பதரைக்குள், அதில் ஜாக்கும் ஸ்விட்சும் போக ஒன்பது வோல்ட் பேட்டரிக்கு எங்கே இடம்? அதனால் அடாப்டர் கட்டாயம். என்னிடம் இருந்தது ஒரே அடாப்டர், அதிலிருந்து ஐந்து வால் பிரியும் கேபிள். செருகினேன். எல்லாப் பெடலிலும் விளக்கு எரிந்தது, கூடவே "வீ...ங்" என்று ஒரு கொசு. கேபிளை மாற்றினேன், ஆம்ப்பை மாற்றினேன், அறை விளக்கை அணைத்தேன், கிடாரைக் கழற்றினேன், கொசு போகவில்லை. ஒரு மாலை முழுக்க ஓடியது. கடைசியில் ஒவ்வொரு வாலாகப் பிடுங்கிப் பார்த்தபோது பெரிய கூடத்தில் வாசிப்பதுபோல் முழக்கம் தரும் டிஜிட்டல் ரிவெர்பைப் பிடுங்கியதும் கொசு செத்தது. அதனுள்ளே ஓடும் கடிகாரத் துடிப்பின் இரைச்சல், எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் அந்த ஒரே மின்கம்பி வழியாகத் திரும்ப வந்து டிரைவுக்குள் புகுந்திருக்கிறது. டிரைவ் கிடைத்ததை எல்லாம் பெருக்கிக் காட்டும் ஆள். டிஜிட்டல் பெடலுக்குத் தனி அடாப்டர் கொடுத்தேன், அமைதி. ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிந்த மின்பெட்டி வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை, ஆனால் அது இரண்டு மூன்று குட்டி பெடல்களின் விலைக்கு வரும். வேடிக்கைதான், ஆனாலும் எனக்கு அதை முதலில் வாங்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

மில்லி ஆம்பியரையும் கூட்டிப் பார். சாதாரண டிரைவ் பத்துக்குள் குடிக்கும், டிஜிட்டல் டிலே, ரிவெர்ப், லூப்பர் எல்லாம் நூறு, அதற்கு மேலும் கேட்கும். அடாப்டரில் எழுதியிருக்கும் எண் இந்தக் கூட்டுத்தொகையைவிட அதிகமாக இருந்தால் போதும், அதிகம் என்பதால் கெட்டுப்போகாது. வோல்ட்டில்தான் விளையாடக் கூடாது.

பிறகு சில்லறைத் தொல்லைகள். எடை இல்லாததால் மிதித்தால் பெடல் நகர்ந்து கேபிளோடு புரண்டுவிடுகிறது, பலகையில் வெல்க்ரோ போட்டு ஒட்டிவிடு. சின்ன நாப்கள் ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் செருப்பு பட்டுத் திரும்பிவிடும், வெறுங்காலில் வாசித்தால் குறையும். நாபின் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை, நம் வயதில் யாருக்குத் தெரியும்? வெள்ளை நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிட்டேன். ஒரு பெடலின் ஸ்விட்ச் மூன்றே வாரத்தில் அழுத்தினால் பிடிக்காமல் போனது. விற்றவர் மாற்றித் தர மறுத்துவிட்டார், ஒன்பது கால் ஸ்விட்ச் தனியாக வாங்கி நானே பற்றவைத்தேன். கை நடுங்கியது, வேலை செய்கிறது.

இன்னொன்று. இவற்றில் பெரும்பாலானவை ட்ரூ பைபாஸ், அணைத்தால் ஒலி உள்ளே எதையும் தொடாமல் கம்பியாகவே போகும். நல்லதுதான். ஆனால் கேபிள் மீட்டருக்குச் சுமார் நூறு பிகோஃபேரட் மின்தேக்கம் வைத்திருக்கிறது, எல்லாக் கேபிளும் கூடி மேல் ஒலிகளைத் தின்றுவிடும். எங்காவது ஒரு பஃபர், அதாவது ஒலி வலுவிழக்காமல் நீளமான கேபிளைத் தாண்ட உதவும் சிறு மின்சுற்று, இருந்தால் தெளிவு திரும்பும். என் பழைய பெரிய ட்யூனர் பெடலில் அது இருக்கிறது, அதனால் கனத்தைப் பார்க்காமல் அதை வரிசையின் முதலில் வைத்திருக்கிறேன். குட்டி ட்யூனர் ஒன்றும் பார்த்தேன், அழகாக இருக்கிறது. ஆனால் உன் 31 ஹெர்ட்ஸ் தந்தியைப் பிடிக்குமா என்று நீயே வாசித்துப் பார்த்துவிட்டு வாங்கு. சில ட்யூனர்கள் அங்கே திணறும். பன்னிரண்டாம் கட்டில் தந்தியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் ஒலி எழுப்பினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும், அந்த வித்தையை எனக்குச் சொல்லித் தந்ததே நீதான்.

உன் சின்னவள் டிரம் கற்கிறாள் என்று எழுதியிருந்தாய். உண்மைதானா? அப்படியானால் நமக்கு மூன்றாவது ஆள் தயார், ஆனால் அவள் நம் வேகத்துக்கு இறங்கி வர வேண்டியிருக்கும். லூப்பரில் நம் பழைய நாலு கார்டை (ஸ்வரக் கூட்டை) வாசித்துப் பிடித்து வைத்திருக்கிறேன், உனக்கு எது என்று தெரியும். அழிக்கவில்லை. அடுத்த மாதம் வரும்போது பேஸை மட்டும் எடுத்து வா, பிளெண்ட் உள்ள பெடலை உனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

உன்,
கை வராதவன்

பின்குறிப்பு: உன் பழைய கீபோர்டு அடாப்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடாதே. பெடலுக்கு நடு முனை நெகட்டிவ் வேண்டும், உன்னுடையது பாசிட்டிவ். ஒருமுறை என் கோரஸைப் புகைத்தது அதுதான், நான் மறக்கவில்லை.