வான்மதிக்கு, அப்பா எழுதுவது

ஈசூன்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மதிக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் போட்டால் திறக்காமலே வைத்திருப்பாய், அதனால்தான் காகிதம். தபால் பெட்டியை நீ மாதம் ஒரு தடவை திறந்தாலே பெரிய விஷயம். அதனால் செவ்வாய்க்கிழமை மறக்காமல் பார்க்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். என்ன கடிதம் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

அம்மா சுகம். முட்டிக்கு ஊசி போட்ட பிறகு மார்க்கெட் வரை நடக்கிறாள். ஜொகூர் சித்தி வீட்டுப் பெண்ணுக்கு இடம் கூடிவிட்டது, தை பிறந்ததும் தேதி வைப்பார்களாம். இதெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

கவினைப் பற்றித்தான், அவனுடைய ஏடிஎச்டி என்கிற கவனக் குறைபாட்டுக்கு நீ பார்க்கும் வைத்தியத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். குறை சொல்ல இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குறை சொல்ல இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் அவன் வந்தபோது உச்சந்தலையில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. வலக் காதுக்குப் பின்னாலும் ஒரு பொட்டு. இட்லி மாவு என்றாள் அம்மா. நகத்தால் சுரண்டினேன், முடியோடு வந்தது, கத்திவிட்டான். "பேஸ்ட் தாத்தா, பிரெயின் ட்ரெயினிங் பேஸ்ட்" என்றான். குளியலறையில் முக்காலி போட்டு உட்காரவைத்து, வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். காய்ந்த பசை கொஞ்சம் கொஞ்சமாக இளகி விரலுக்கு வந்தது. ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் இருக்காத பிள்ளை, என் கையில் தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். அப்போதுதான் சொன்னான். திரையில் ஒரு ப்ளேன். கவனமாகப் பார்த்தால் மேலே ஏறுமாம், பராக்குப் பார்த்தால் இறங்கிவிடுமாம். "பல்லைக் கடிச்சா ப்ளேன் நின்னுடும் தாத்தா. அதனால நான் வாயை லூசா வச்சுக்குவேன். மிஸ்ஸுக்கு அது தெரியாது."

மிஸ்ஸுக்குத் தெரியாமல் இருக்குமா! முப்பது வருஷம் செம்பவாங் கப்பல் யார்டில் மீட்டரும் வயருமாகக் கிடந்தவன் நான், எனக்கே தெரிகிறது. அந்த ப்ளேனை ஏற்றி இறக்குவது, தலையில் பசை போட்டு ஒட்டிய வயர் பிடிக்கும் மூளை மின்சாரம். நியூரோஃபீட்பேக் என்கிறார்கள். மூளையின் மின்சாரம் தலைத்தோலுக்கு வந்து சேரும்போது மைக்ரோவோல்ட் கணக்கில்தான் இருக்கும், பெரும்பாலும் நூறுக்குள். டார்ச்சில் போடும் ஒன்றரை வோல்ட் பேட்டரியில் பதினையாயிரத்தில் ஒரு பங்கு கூட வராது. ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினால் அதைவிடப் பெரிய அலை எழும். பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரன்ட் வேறு. அதனால்தான் பசை, அதனால்தான் அசையாதே என்பது.

நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். நீ சிரிப்பாய். ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் டாக்டர்தான் 1924ல் முதன்முதலாக மனிதத் தலையிலிருந்து அந்த அலையைப் பதிவு செய்தார். அதை வெளியிட 1929 ஆகிவிட்டது. ஐந்து வருஷம் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். பிறகு 1960களில் கலிஃபோர்னியாவில் பேரி ஸ்டெர்மன் என்பவர் பூனைகளை வைத்துச் செய்தது இன்னும் வேடிக்கை. விநாடிக்கு 12 முதல் 15 தடவை துடிக்கும் ஓர் அலை பூனையின் மூளையில் எழும்போதெல்லாம் அதற்குப் பாலும் சூப்பும் கிடைக்கும். பூனை அந்த அலையை வரவழைக்கக் கற்றுக்கொண்டது! அப்புறம் ராக்கெட் எரிபொருளின் நச்சைச் சோதித்தபோது, இப்படிப் பழகிய பூனைகளுக்கு வலிப்பு வரத் தாமதமானதாம். அங்கிருந்துதான் இது வலிப்புக்காரர்களுக்கும், 1970களில் கவனம் நிற்காத பிள்ளைகளுக்கும், இப்போது மன அழுத்தம், தூக்கமின்மை என்று எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறது. எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம் என்றால் எனக்குக் கொஞ்சம் இடிக்கும். அது போகட்டும்.

நேற்று இந்தப் பூனைக் கதையைக் கவினிடம் சொன்னேன். "பூனைக்கு யாரு ப்ளேன் காட்டினது?" என்று கேட்டான். இந்தப் பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று யார் சொன்னது? பிறகு, சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாத்திரை முடிஞ்சுபோச்சு தாத்தா, இப்ப ப்ளேன் மட்டும்தான்" என்றான்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

நீ நிறுத்திவிட்டாய் என்று சொல்லவில்லை. பிள்ளை ஏதோ விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே கொண்டு வருகிறான் என்று அம்மா சொன்னாள். அந்த மாத்திரைக்கு அது உண்டு, பசியை அமுக்கும். அதற்கு வழி இருக்கிறது. மாத்திரைக்கு முன்னால் காலையில் வயிறு நிறையக் கொடு. ராத்திரி மருந்தின் வேகம் இறங்கியதும் மறுபடி பசிக்கும், அப்போது கொடு. எடையும் உயரமும் பார்த்து அளவைக் குறைப்பதோ வேறு மாத்திரைக்கு மாற்றுவதோ டாக்டர் செய்வார். டாக்டர் சொன்னால் நிறுத்து, நீயாக நிறுத்தாதே. சனி ஞாயிறு மட்டும் நிறுத்தச் சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் சொல்லி நிறுத்துவது வேறு.

ஒரு செஷனுக்கு 180 சிங்கப்பூர் வெள்ளி, நாற்பது செஷன் என்று மாப்பிள்ளை சொன்னார். 7,200 வெள்ளி. உன் பணம், நீ சம்பாதித்தது, நான் பேசமாட்டேன். ஆனால் அந்த இடத்தில், மாத்திரை இனி வேண்டியதில்லை என்று யாராவது உன்னிடம் சொல்லியிருந்தால், அந்த ஒரு பேச்சை மட்டும் நம்பாதே.

யார்டில் ஒரு கேஜ் சரியா என்று எப்படிப் பார்ப்போம்? அழுத்தத்தையே கொடுக்காமல் முள் ஆடுகிறதா என்று முதலில் பார்ப்போம். இதிலும் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். 2021ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று. 7 முதல் 10 வயது வரையான 140க்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஒரு பிரிவுக்கு அவரவர் மூளை அலையாலேயே விளையாட்டு ஓடியது. இன்னொரு பிரிவுக்கு முன்பே பதிவு செய்துவைத்த யாருடைய அலையோ. எது எவனுக்கு என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து நடத்தியவருக்கும் தெரியாது. ஆளுக்கு 38 செஷன். கடைசியில் இரண்டு பிரிவும் நன்றாகத் தேறின, கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு. 2024 கடைசியில் இதுபோன்ற 38 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தவர்களும், எந்தப் பிள்ளைக்கு எது என்று தெரியாமல் மதிப்பிட்டவர்களின் கணக்கில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றுதான் எழுதினார்கள்.

நம் ஊரிலும் செய்தார்கள். மனநலக் கழகம், டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி, ஏ-ஸ்டார் ஆய்வு நிறுவனம் எல்லாம் சேர்ந்து, 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 172 பேருக்கு நெற்றியில் பட்டை கட்டிக் கம்ப்யூட்டர் விளையாட்டு வைத்தார்கள். 8 வாரம், 24 செஷன். 2019ல் வெளிவந்தது. கவனம் கொஞ்சம் கூடியது என்றுதான் வந்தது. ஆனால் யாரோடு ஒப்பிட்டார்கள்? தங்கள் முறை வருவதற்காகக் காத்திருந்த பிள்ளைகளோடு. முள் ஆடியது உண்மை. எதனால் ஆடியது என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

அமெரிக்கப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் புரண்டேன். பொய் அலை கிடைத்த பிள்ளைகள் எப்படித் தேறின? வளர வளரச் சரியாகும், நம்பிக்கையும் வேலை செய்யும், எல்லாம் இருக்கட்டும். முப்பத்தெட்டு தடவை ஒரு பெரிய மனுஷி அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவனை மட்டும் பார்த்து, ஏறினால் சபாஷ் என்று சொல்லி, இறங்கினால் திட்டாமல் இருந்திருக்கிறாள். கவின் போகும்போது முகம் எப்படி மலர்கிறது என்று நீயும் பார்த்திருப்பாய். முக்கால் மணி நேரம் யாரும் அவனைத் திட்டாத இடம் அது ஒன்றுதானோ என்னவோ.

உனக்கு நான் அப்படி ஒரு முக்கால் மணி நேரம் கொடுத்ததில்லை.

தீபாவளியன்று சம்பந்தி வீட்டார் முன்னால், "எல்லாம் அடி குறைஞ்ச கேடு" என்று சொன்னேன். நீ பிரியாணித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். அதன் பிறகு நீ மேலே ஏறி வரவில்லை. சனிக்கிழமை தோறும் ஆறாவது மாடி வராந்தாவில் நின்று பார்க்கிறேன். கார் கீழே நிற்கும், மஞ்சள் விளக்கு மினுக்கும், கவின் மட்டும் இறங்கி ஓடி வருவான். கண்ணாடிக்குள் உன் கை மட்டும் தெரியும். பெற்றவனுக்கு இவ்வளவு பிடிவாதம் காட்டலாமா என்று முதலில் கோபம்தான் வந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

நீ சொல்லாத ஒன்றும் எனக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன் டாக்டர் உனக்கும் அதே ஏடிஎச்டி என்ற பெயரைச் சொன்னதாக மாப்பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவரைக் கோபிக்காதே. வெளியில் சொல்லியிருக்க வேண்டாமே என்று அம்மா சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன்.

மதிம்மா, நீ தொடக்கநிலை மூன்றில் இருந்தபோது, 1996ல், உன் வகுப்பு ஆசிரியை ஒரு பழுப்பு உறை கொடுத்து அனுப்பினாள். நீயே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். என்ன எழுதியிருக்கு என்று கேட்டாய். கட்டணம் பற்றி என்றேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன். அதில் எழுதியிருந்தது வேறு. பிள்ளை வகுப்பில் இருந்தாலும் வகுப்பில் இல்லை, தொந்தரவு செய்வதில்லை, ஆனால் எங்கோ இருக்கிறாள், ஒரு முறை சைல்டு கைடன்ஸ் கிளினிக்கில் காட்டினால் நல்லது என்று மரியாதையாக எழுதியிருந்தாள். அந்தக் காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே வுட்பிரிட்ஜ் மனநல மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். "வுட்பிரிட்ஜுக்கு அனுப்பணும்" என்று யார்டில் ஒருவனை ஒருவன் கிண்டல் செய்வோம். என் பெண்ணின் பெயர் அங்கே ஏறுவதா? அடுத்த வருஷம் தரம் பிரிப்பார்கள், இது தெரிந்தால் இஎம்3 என்ற கடைசிப் பிரிவில் தள்ளிவிடுவார்கள் என்று பயந்தேன். சேமநிதிக் காகிதங்களுக்கு நடுவில் வைத்துப் பூட்டினேன். அதே வாரம் மளிகைக் கடையில் பிரம்பு வாங்கினேன். வாய்ப்பாட்டுக்கு முட்டி போட வைத்தது, சாவி தொலைத்ததற்கு வராந்தாவில் நிறுத்தியது, உனக்கு எல்லாம் நினைவிருக்கும்.

எந்த இஎம்3-க்குப் பயந்து அந்த உறையை ஒளித்தேனோ, அதிலேயே உன்னைப் போட்டார்கள். அதற்கும் அடித்தேன்.

அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நான் சொல்லிக்கொள்கிறேன். நீ சொல்லாதே.

அப்போது காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நீ உன்னையே திட்டிக்கொள்ளாமல் வளர்ந்திருக்கலாம். கலா உத்சவம் கலைவிழாவில் நீ விளக்கு போட்ட அந்த நாடகத்துக்கு நான் வந்தேன், உனக்குத் தெரியாது. எஸ்பிளனேட் அரங்கில் கடைசி வரிசை. மேடை இருட்டாகி, நீலம் ஒரு மூலையிலிருந்து மெதுவாக ஏறியது. ஒன்றரை மணி நேரம் நீ ஒரு லைட்டிங் க்யூ கூடத் தவறவிடவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் என் மகள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. டிக்கெட் இன்னும் பர்ஸில் இருக்கிறது.

உறையை இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரம் கொஞ்சம் கரையான் தின்றிருக்கிறது, எழுத்து தெரிகிறது. உன் டாக்டரிடம் காட்ட வேண்டுமானால் காட்டு, சின்ன வயதில் எப்படி இருந்தாய் என்று கேட்பார்களாமே. கிழித்துப் போட வேண்டுமானால் கிழித்துப் போடு.

கவினுக்கு ப்ளேனை நிறுத்த வேண்டாம், பணம் கட்டியாகிவிட்டது, பிள்ளையும் ஆசையாகப் போகிறான். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே. மூன்றாவது தடவை சொல்லிவிட்டேன், தெரியும். புதன்கிழமை சாயங்காலம் நான் பொங்கோலுக்கு வந்து அவனோடு முக்கால் மணி நேரம் உட்காரட்டுமா? கணக்கு சொல்லித் தரமாட்டேன். பழைய ரேடியோ ஒன்று இருக்கிறது, இரண்டு பேரும் கழற்றிப் பார்ப்போம். நீ வீட்டில் இல்லாத நேரம் வரச் சொன்னாலும் வருகிறேன்.

அப்பா

பி.கு.: பசை காய்ந்திருந்தால் சீப்பைப் போட்டு இழுக்காதே, அவனுக்கு வலிக்கிறது. வெந்நீர் போதும்.