காவாங்கரை முகாமிலிருந்து, திருவள்ளூர் தொகுதி வேட்பாளர்களுக்கு

மதிப்புக்குரிய வேட்பாளர்களுக்கு,

வணக்கம். வரப்போகும் நாடாளுமன்றத் தேர்தலில் திருவள்ளூர் தொகுதியில் நிற்கப் போகும் உங்கள் எல்லோருக்கும், எந்தக் கட்சி என்று பார்க்காமல் இதை எழுதுகிறேன். நான் புழல் காவாங்கரை முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதி. 1990இல் பேசாலையில் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் புழல். அன்றிலிருந்து இங்கேதான்.

தொழில் பெயின்ட் வேலை. தேர்தல் வந்தால் சுவர் எழுதப் போவேன். சென்னைக்குள் எழுத விடமாட்டார்கள் என்பதால் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கிராமங்களில்தான் வேலை. சுண்ணாம்பு அடித்து, காய்ந்ததும் நூல் பிடித்துக் கோடு போட்டு, சின்னம் வரைந்து, கடைசியில் பெயர் எழுதுவேன். உங்களில் சிலருடைய பெயரை முழ உயரத்துக்கு எழுதியிருக்கிறேன். ஒருமுறை ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். "நீ யாருக்குப்பா போடுவ?" என்று கேட்டார். எனக்கு ஓட்டு இல்லை பாட்டி என்றேன். "பேரு விட்டுப்போச்சா? என் பேரன்கிட்ட சொல்லிச் சேர்த்துடலாம்" என்றார். நான் வெளிநாட்டுக்காரன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

என்னை விடுங்கள். என் மகள் 2005இல் ராயபுரத்தில் பிறந்தவள். 2023இல் கல்லூரியில் வாக்காளர் சேர்ப்பு முகாம் நடந்தபோது எல்லோருக்கும் கொடுத்ததுபோல அவளுக்கும் படிவம் 6 கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் பென்சிலில் நிரப்பியிருந்தாள். 'இந்தியக் குடிமகன்' என்று உறுதி தரும் இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போடவில்லை. "பிறந்த இடம் ராயபுரம்னுதானே எழுதணும், அப்பா? அப்புறம் என்ன?" என்றாள். பொய்யாக உறுதி தந்தால் ஓராண்டுவரை சிறை என்று சட்டம் இருக்கிறது, அதை எப்படிப் போடச் சொல்வது? அந்தப் படிவம் இன்னும் எங்கள் அடையாள அட்டைகளோடு பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது.

இங்கே பிறந்தால் மட்டும் குடியுரிமை என்பது 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களோடு முடிந்துவிட்டது. அப்படி முன்னால் பிறந்த ஒரு பெண், திருச்சி முகாமில் இருப்பவர், நீதிமன்றம் போய் வென்று 2024 ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டார். அந்தச் செய்தியை எங்கள் தெருவில் செல்போனைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். மை வைத்த விரல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர்களும் உண்டு.

மாநில அரசு எங்களுக்குச் செய்ததை மறக்கமாட்டோம். 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரையே எடுத்துவிட்டு 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள், உதவித்தொகையைக் கூட்டினார்கள், வீடு கட்டித் தரத் தொடங்கினார்கள். ஆனால் குடியுரிமை மத்தியப் பட்டியலில் இருக்கிறது. கோட்டையில் முடிகிற விஷயம் இல்லை, டெல்லியில்தான் முடியும். அதனால்தான் ஓட்டுப் போடாத எங்களுக்குச் சட்டமன்றத் தேர்தலைவிட இந்தத் தேர்தல் பெரியது.

2003இல் திருத்திய சட்டப்படி, பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. எத்தனை வருடம் இருந்தாலும் அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. குண்டுக்குப் பயந்து ராத்திரியில் படகேறினவர் பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவார்? 2019 திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு வழி செய்தார்கள். இலங்கை அதில் இல்லை. 2025இல், 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட எங்களுக்குப் பாஸ்போர்ட் இல்லாததற்காகத் தண்டனை கிடையாது என்று விலக்குக் கொடுத்தார்கள். அதற்கு நன்றி. ஆனால் பிடித்து உள்ளே போடமாட்டோம் என்பது வேறு, நீயும் இந்த ஊர்க்காரன் என்பது வேறு.

நான் கேட்பது இதைத்தான். ஜெயித்துப் போகிறவர் மக்களவையில் எழுந்து, இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களை அந்தச் 'சட்டவிரோத' என்ற சொல்லிலிருந்து எடுங்கள், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் வழி செய்யுங்கள் என்று பேச வேண்டும். அரசு செய்யாவிட்டால், எம்.பி. தாமே கொண்டுவரக்கூடிய தனிநபர் மசோதாவைக் கொண்டுவாருங்கள். அது தோற்றாலும் அவைக்குறிப்பில் எங்கள் பெயர் இருக்கும். தோற்கிறவர்கள் உங்கள் கட்சித் தலைமையிடம் சொல்லுங்கள்.

பிரசாரத்துக்கு மாதவரம் ரவுண்டானா பக்கமிருந்து ஜி.என்.டி. சாலையில் வருவீர்கள். ஒவ்வொரு தேர்தலிலும் எதிர்த் தெருவில் வண்டி நிற்கும், ஆரத்தி எடுப்பார்கள், எங்கள் வாசலில் நிற்காமல் செங்குன்றம் பக்கம் போய்விடும். ஒரு ஓட்டுக்கூட இல்லாத இடத்தில் நேரம் செலவழிக்க உங்கள் ஆட்கள் விடமாட்டார்கள் என்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் ஒருமுறை உள்ளே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் யாருக்கும் வேலை இருக்காது, எல்லோரும் வீட்டில் இருப்போம். மகளும் இருப்பாள். அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பெயின்டர் ஒருவர்,
காவாங்கரை, புழல்